நான் நட்ட உண்ணி வேலி

காரைக்குடிப் பக்கம் என் அதிரசம் போகாத கல்யாண வீடு கிடையாது. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஒற்றை அடுப்பில் தொடங்கினேன், இன்றைக்கு என்னிடம் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். வீட்டில் இரண்டு போர்வெல். தெருக்குழாய் நின்றால் ஊரே குடத்தோடு என் வாசலில்தான் நிற்கும். யாருக்கும் இல்லை என்றதில்லை. இதை நானே சொல்லிக்கொண்டால்தான் உண்டு, வேறே யார் சொல்கிறார்கள்?

போன வாரம் மருமகள் நர்சரியில் ஒரு பூந்தொட்டி வாங்கி வந்தாள். "அத்தை, இது லன்டானா. வெயில் தாங்கும், தண்ணியே கேக்காது, பட்டாம்பூச்சி மொய்க்கும்" என்றாள். பார்த்தால், நம்ம உண்ணிச்செடி. மண்ணில் மட்டும் இறக்காதே என்றேன். ஏன் என்றாள். அவளிடம் சொல்லவில்லை.

நான் பிறந்த அமராவதிபுதூரில் எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவே உண்ணிச்செடிதான் வேலி. அளந்து கல் ஊன்றியவர் யாருமில்லை, வேலிதான் எல்லை. எங்கள் பக்கம் அப்பா தன் கையால் வெட்டிய கிணறு. தண்ணீர் கல்கண்டுதான். வேலிக்கும் கிணற்றுக்கும் நடுவில் நான் பாண்டி கட்டம் போட்டு விளையாடுவேன், அவ்வளவு இடம் கிடந்தது. அப்பா தச்சு வேலைக்கு மதுரைப் பக்கம் போனால் பொங்கலுக்குத்தான் வருவார். அம்மா விடியுமுன் செட்டியார் வீட்டுச் சமையலுக்குப் போனால் விளக்கு வைக்கும்போதுதான் திரும்புவாள்.

எனக்கு ஏழு வயது. பூவும் பட்டாம்பூச்சியும் பெரியப்பா பக்கமே இருக்கிறதென்று ஒருநாள் சிணுங்கினேன். பெரியப்பா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இதுக்கா அழுகுறே ஆத்தா? கொப்ப உங்க பக்கமா வளச்சு மண்ணுல அமுக்கு. மேல ஒரு கல்லத் தூக்கி வையி. மழை பேஞ்சா வேர் பிடிச்சுக்கிரும். பெறகு பூவெல்லாம் ஒனக்குத்தான்."

செய்தேன். கையெல்லாம் முள் கீறி ரத்தம். ஐப்பசி மழையில் வைத்த கொப்பெல்லாம் துளிர்த்தன. மறு வருஷம் அதற்கும் முன்னால், கிணற்றுப் பக்கமாக ஒரு வரிசை, அதற்கடுத்த வருஷம் இன்னொன்று. பெரியப்பா தன் பக்கத்துப் பழைய செடிகளை விறகுக்கு வெட்டிக்கொண்டே வந்தார். அம்மா பார்த்துவிட்டு, "உண்ணி எங்க நின்ன எடத்துல நின்னுச்சு" என்று சிரித்தாள். மூன்றாம் மழை முடிந்தபோது கிணறு வேலிக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. பெரியப்பா தன் கயிறு, வாளியைப் பூட்டினார்.

அம்மா ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேரைக் கூட்டிவந்து நிறுத்தினாள்.

"கிணறு எங்க வீட்டுக்காரக வெட்டுனது. ஊருக்கே தெரியும்."

"வெட்டுனது தம்பிதான், இல்லேங்கல" என்றார் பெரியப்பா. "ஆனா எடத்த விட்டுக்குடுத்து வேலியத் தள்ளி வச்சதும் அவுகதான். நான் ஒரு குச்சி நட்டிருந்தாக் கேளுங்க. இந்தா நிக்குது பிள்ளை, அதையே கேட்டுக்குங்க."

ஒரு பெரியவர் குனிந்து என் தாடையைத் தொட்டார். "பொய் சொல்லப்படாது ஆத்தா. இந்த வேலிய யாரு நட்டது?"

"நான்தான்! ஒண்ணுகூடப் பட்டுப்போகல!"

"யாரும் சொல்லிக் குடுத்தாகளா?"

பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிப் பெருமையை அவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

"யாரும் இல்ல. எல்லாம் நானே."

பெரியவர்கள் சிரித்துவிட்டார்கள். சின்னப் பிள்ளை பொய் சொல்லாது, அவுக பக்கமிருந்தே நட்ட வேலி, அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி எழுந்தார்கள். "கெட்டிக்காரி, என் தம்பி மகளாச்சே" என்று பெரியப்பா முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு ஊர்க்கோடி ஊருணிக்கு நடந்தாள். இருட்டும் நேரத்தில் திரும்பி, முதல் செம்புத் தண்ணீரை எனக்குத்தான் நீட்டினாள்.

அத்தனை பேர் முன்னால் நான் ஜெயித்திருக்கிறேன், பெற்றவள் ஒரு வார்த்தை மெச்சவில்லையே என்று எனக்கு ஆத்திரம். அந்தத் தண்ணீர் வேண்டாமென்று செம்பைத் தட்டிவிட்டேன்.