தலையாட்டிய நாலாம் வகுப்பு

எர்ணாவூர் பள்ளியில் நாலாம் வகுப்புக்கு வெப்கேம் வழியாக மூளையைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன் என்று இங்கே பெருமையடித்தேன் இல்லையா? இன்று நேரில் போனேன்.

"நம்ம ஞாபகத்தையெல்லாம் எது பாத்துக்குது?" என்றேன். எல்லோரும் முழித்தார்கள்.

முன்வரிசைப் பெண் சொன்னாள்: "ஸ்பீக்கர் புட்டுக்கினு ரொம்ப நாளாவுது மிஸ். உங்க வாய் அசையும், நாங்க தலையாட்டுவோம். மலர் மிஸ்தான் ஆட்டச் சொல்லிக்கீறாங்க."

மலர் அந்த வகுப்பு டீச்சர், என் கல்லூரித் தோழி. அவளிடமே கேட்டேன்:

"அப்போ பிள்ளைங்க கேட்டதா நீ டைப் பண்ணின கேள்வியெல்லாம்?"

"ஹெட்போன்ல கேட்டு நான்தான்டி அனுப்பினேன். நீ அவ்ளோ ஆசையா நடத்திக்கினு இருந்த. சொல்ல மனசு வரல."

நேரே பஸ் ஏறிவிட்டேன். வழியெல்லாம் அழுகை.

என்னை ஏமாற்றியவள்தான் எனக்கிருந்த ஒரே மாணவி. இவளோடு சண்டை போடுவதா, பாஸ் போடுவதா? நீங்களே சொல்லுங்கள்.