நான் விட்டுவிட்ட வரிகள்

டாக்டர் கால் மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினார். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போனதும், "வயித்துல புண்ணாம்மா. நாளைக்கு ஆபரேஷன் பண்ணுனா சரியாயிருமாம்" என்றேன்.

புண்ணாவது மண்ணாவது. புற்றுநோய். ஆபரேஷன் செய்தாலும் ஒரு வருடம் தாண்டுவது கஷ்டம் என்றுதான் அவர் சொன்னார். வராந்தாவில் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாட்ட ஒரு வார்த்த சொன்ன, நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்றான். சொல்லிவிட்டு அவனே அழுதான். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு மாத்திரை வாங்கப் போய்விட்டான். எங்கள் வீடுகளில் அப்படித்தான். படுத்திருப்பவரைத் தவிர ஊருக்கே தெரிந்திருக்கும்.

அன்று மத்தியானம் அந்த மதுரை ஆஸ்பத்திரி அறையில் நானும் அம்மாவும் மட்டும். அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து புத்தகத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன். கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள் நான். பல நாட்டுக் கவிதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்துப் போட்ட தடித்த புத்தகம் ஒன்று எப்போதும் கைப்பையில் கிடக்கும். கொட்டாம்பட்டிப் பக்கம் அடுத்தவர் வயலில் களையெடுத்தும் நாற்று நட்டும் என்னை ஆங்கிலம் படிக்கவைத்தவள் அம்மா. அவளுக்கு அதில் ஓர் எழுத்து தெரியாது.

"அப்படி என்னதான்டி இருக்கு அதுல? சத்தமா வாசி. பெறகு தமிழ்ல சொல்லு."

திறந்திருந்த பக்கத்தை அப்படியே வாசித்தேன். பாதி வாசித்த பிறகுதான் அது எங்கே போய் முடியும் என்பது ஞாபகம் வந்தது. சனியன், வேறு பக்கமே கிடைக்கவில்லையா எனக்கு! பனி பெய்யும் ஏதோ நாட்டில் யாரோ எழுதியது. சாகப்போகிற ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரியிடம் தன் வீட்டை ஒப்படைக்கிறாள். கதவை எப்படித் தூக்கிச் சாத்த வேண்டும், எந்த ஆடு முட்டும், எந்தக் கோழி வேலிக்கு அப்பால் போய் முட்டையிடும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். கடைசிப் பத்து வரியும் சாவுதான். நிறுத்தினால் ஏன் என்று கேட்பாள். அதனால் முழுவதையும் வாசித்து முடித்தேன்.

"ஒருத்தி ஊருக்குப் போறாம்மா. கதவ எப்படிச் சாத்தணும், எந்த ஆடு முட்டும், கோழி எங்க முட்ட போடும்னு பக்கத்து வீட்ல சொல்லிட்டுப் போறா."

"எந்த ஊருக்கு?"

"மக வீட்டுக்கு."

"எப்பத் திரும்பி வாரா?"

"ரெண்டு மாசத்துல."

அம்மா புத்தகத்தை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"ரெண்டு மாசத்துல வாரவ சாவியக் குடுத்துட்டு, ஆட்டப் பாத்துக்கடின்னு சொல்லிட்டுப் போவா. அம்புட்டுத்தான். முட்டுற ஆடு எதுன்னு எதுக்குச் சொல்றா?"

"எனக்கென்ன தெரியும்? எழுதியிருக்கிறதச் சொல்றேன்."

"காலையில டாக்டரும் அம்புட்டு நேரம் பேசுனாரு. நீ ரெண்டு வார்த்தையில முடிச்ச. இதையும் அப்படித்தான் முடிக்கிற."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! "இங்கிலீஷ்ல வளத்தி வளத்திதான் பேசுவாங்க! நான் என்ன பொய்யா சொல்றேன்?" என்று கத்தினேன். பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள் இப்படியா கத்துவாள்?

"கத்தாத. விட்டதையெல்லாம் சேத்துச் சொல்லு. மொதல்ல அவளுக்கு என்னாச்சுன்னு சொல்லு. பெறகு எனக்கு என்னன்னு சொல்லு."

சொன்னேன். அந்தக் கடைசிப் பத்து வரியைச் சொன்னேன். பிறகு டாக்டர் பேசியதை முதலிலிருந்து சொன்னேன், ஒரு வருடம் என்பது வரைக்கும். எதையும் சுருக்கவில்லை. அவள் போர்வை ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"ஒங்கண்ணனுக்குப் போனப் போடு. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு சொல்லிரு. பாவம், என்னையப் பாத்துச் சிரிச்சுச் சிரிச்சே அவனுக்கு மொகம் கோணிப்போச்சு."

போன் அடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் எடுப்பதற்குள் அவள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"எனக்குப் பயமா இருக்குடி" என்றாள்.