மூடியின் உள்ளே பூசிய திருநீறு

சித்தப்பா ஏன் நம் வீட்டுக்கு வருவதில்லை என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் உங்கள் அம்மா பேச்சை மாற்றிவிடுவாள். நான் அதிகம் படித்தவன் இல்லை. முடிந்தவரை எழுதிவைக்கிறேன்.

பல்லேகலயில் நான் வேலை செய்யும் இடத்தில் விமானத்துக்கான சாமான்கள் செய்கிறோம். வார்ப்பதும் இல்லை, கடைவதும் இல்லை. கோதுமை மாவைவிட நைசான உலோகத்தூளை மெசின் ஒரு தட்டில் மெல்லிசாகப் பரப்பும். லேசர் ஒளி வேண்டிய இடத்தை மட்டும் உருக்கும். அதற்கு மேல் இன்னொரு படை தூள், மறுபடி ஒளி. இப்படிப் படைபடையாக வளர்ந்ததைக் கடைசியில் தூளுக்குள்ளிருந்து தோண்டி எடுப்போம். உருகாத தூளை வீசமாட்டோம். சல்லடை மெசினில் சலித்துத் திரும்பப் போடுவோம். அதில் வேறு எதுவும் கலக்கக்கூடாது, ஒரு துளி வியர்வைகூட. கலந்த இடத்தில் உலோகம் சரியாக ஒட்டாது. வெளியே பார்த்தால் தெரியாது. ஆகாயத்தில் போகும்போது அங்கேதான் வெடிப்பு விழும்.

சல்லடை அறை வேலைக்குச் சித்தப்பாவைத் தெல்தோட்டையிலிருந்து கூட்டிவந்து சேர்த்தது நான்தான். அப்போது உங்கள் சித்தி பிள்ளைத்தாய்ச்சி. அந்தச் சம்பளத்தை நம்பித்தான் குண்டசாலையில் வாடகைக்கு அறை எடுத்தார்கள்.

ஒருநாள் எங்கிருந்தோ பொறி பட்டுத் தூள் குப்பென்று பற்றியது. மெசினுக்குச் சேதம் இல்லை. சித்தப்பாவின் புருவம் கருகிவிட்டது, கழுத்தில் தோல் உரிந்துவிட்டது. அதற்குப் பிறகு மெசின் பொத்தானை அழுத்தும் முன் அவன் கண்ணை மூடிச் சாமியைக் கும்பிட்டுக்கொள்வான்.

ஆயுத பூசை வந்தது. மாலை, சந்தனம் எல்லாம் வெளிக்கதவோடு நிற்கட்டும், உள்ளே எதுவும் வரக்கூடாது என்று மனேஜர் சொல்லியிருந்தார். அப்படியே செய்தோம். பொரி கடலையைப் பகிர்ந்து தின்றுவிட்டு, கைகழுவி உள்ளே போனோம்.

அடுத்த கிழமை சல்லடையைச் சுத்தம் செய்ய மூடியைக் கழற்றினேன். மூடியின் உட்புறத்தில் மூன்று விரலால் இழுத்த திருநீற்றுப் பட்டை. பாதி உதிர்ந்துபோயிருந்தது.

"என்னடா இது?"

"சாமி கும்பிட்டேன் அண்ணே. வெளிய பூசுனா தொடைச்சிருவாங்க. அதான் உள்ள பூசுனேன்."

"ஒனக்கு மூளை இருக்கா?"

"நெருப்பு ஒங்க மூஞ்சியிலயா பத்துச்சு?"

நான் நாட்களை எண்ணிப்பார்த்தேன். பூசைக்குப் பிறகு செய்த சாமான்கள், இறக்கையோடு சேரும் தாங்கிகள், அனுப்பத் தயாராகப் பெட்டிக்குள் போய்விட்டன. கூடவே செய்த மாதிரிக் கம்பிகளை இழுத்து உடைத்துப் பார்த்து, சரி என்று எழுதியாகிவிட்டது. ஆனால் சாம்பல் அந்தக் கம்பிகளில்தான் விழவேண்டும் என்று இல்லையே.

"தொடைச்சிருங்க அண்ணே. டெஸ்ட் எல்லாம் பாஸ். திருநீறுதானே, வெசமா?"

"உதிர்ந்தது எங்க போச்சு, சொல்லு?"

"சாமி பாத்துக்கும்."

"சாமி பாத்துக்கும்னு அந்தப் பிளேன்ல நீ ஏறுவியா?"

அவன் மெதுவாக, "பிள்ளை பொறக்கப் போகுது அண்ணே" என்றான்.

துடைக்கும் துணி என் கையில்தான் இருந்தது. துடைத்திருந்தால் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. மூடியை ஒரு பையில் போட்டு மனேஜரிடம் கொண்டுபோனேன். "அண்ணே, அண்ணே" என்று பின்னாலேயே வந்தவன், மனேஜர் அறைக் கதவருகில் நின்றுவிட்டான்.

அன்றே அவனுக்கு வேலை போனது. தாங்கிகளை எல்லாம் வெட்டிப்போடச் சொன்னார்கள். வெட்டியதும் நான்தான். ஒவ்வொரு வெட்டுமுகத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எங்கேயாவது ஒரு கறுப்புப் புள்ளி தெரியாதா என்று தேடினேன். தெரிந்தால் தம்பியிடம் காட்டலாம். எல்லாம் பளபளவென்று இருந்தன. வெட்டாத இடத்தில் இருந்ததா, யாருக்குத் தெரியும்?

கட்டாருக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டு, கண்டி பஸ் நிலையத்துக்கு ஓடினேன். கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில் யன்னலோரம் உட்கார்ந்திருந்தான். புருவம் முளைத்திருந்தது.

"என்னமும் கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டான்.

"இல்லடா."

சிரித்தான். "நான் போற பிளேன்ல ஒங்க கொம்பனி சாமான் இருந்தா எனக்குப் பயமில்ல அண்ணே. தம்பியவே வெட்டிப் போட்ட ஆளு, வேற எதைத்தான் விட்டுவைக்கப் போறீங்க?"

யன்னலை இழுத்து மூடிக்கொண்டான்.

பிள்ளை பிறந்த செய்தி எங்களுக்கு அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்தது. பொம்பளைப் பிள்ளை. நீங்கள் இன்னும் பார்க்காத உங்கள் தங்கச்சி. அம்மா சட்டை தைத்துக் கொடுத்தனுப்பினாள். சித்தி திருப்பி அனுப்பிவிட்டாள்.

யாரோ ஒருவனுடைய தம்பி அந்த விமானத்தில் ஏறுவான் என்று நினைத்துத்தான் அன்று மூடியைத் தூக்கிக்கொண்டு போனேன். இதைச் சித்தப்பாவிடம் சொல்ல வேண்டும். நான் அழைத்தால் அவன் போனை எடுப்பதில்லை.