ஷெரின் மிதந்த ஷாட்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் ஆபீஸ் லிஃப்ட்டில் யாரோ பெருமூச்சு விடுவதாகக் கிளம்பிய கதையைக் கேலி செய்தே ஒழித்தவன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபப்பட மாட்டேன். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

என் மகள் ஷெரினுக்கு ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் படிக்க ஆசை. அதற்கென்று இருக்கிற கல்லூரியில் சீட் தருவது மார்க்கை வைத்து இல்லை, நாமே எடுத்த ஒரு சின்ன வீடியோவை வைத்து. தேறாவிட்டால் பி.காம். இது என் மனைவி எஸ்தர் போட்ட நிபந்தனை. "ஒரே தடவைதான். அப்புறம் இந்தப் பைத்தியத்தை மூட்டை கட்டணும்" என்றாள். ஷெரின் சரி என்று தலையாட்டிவிட்டு, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். எனக்குக் கேட்டது.

வீடியோவில் அவள் எங்கள் பேட்டையான லிங்கராஜபுரத்துக்கு மேலே மேகத்தில் படுத்தபடி மிதக்க வேண்டும். சிவாஜிநகரில் பச்சைத் துணி வாங்கி மொட்டை மாடிச் சுவரிலும் தரையிலும் விரித்தோம். மேஜைமேல் ஒரு ஸ்டூல், அவற்றுக்கும் பச்சைத் துணி. ஸ்டூலில் அவள் மல்லாந்து படுப்பாள். கம்ப்யூட்டரில் பச்சையை எல்லாம் அழித்துவிட்டால் அவள் மட்டும் மிஞ்சுவாள். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு துப்பட்டாவை அசைப்பது என் வேலை. நான் தெரியக்கூடாது என்று எனக்கும் தலை முதல் கால் வரை ஒரு பச்சை உறை தைத்தாள்.

முதல் தடவை எடுத்துப் பார்த்தால் மேகத்துக்கு நடுவில் என் கண்ணும் மூக்குக்கண்ணாடியும் மட்டும் தனியாக மிதக்கின்றன. "வெட்டுக்கிளிக்குக் கண்ணாடி போட்ட மாதிரியே இருக்கு" என்று எஸ்தரே சிரித்துவிட்டாள். உடனே கண் ஓட்டைகளைத் தைத்து மூடினோம். அதற்குப் பிறகு உறைக்குள் எனக்கு ஒன்றுமே தெரியாது, தடவித் தடவித்தான் நிற்பேன். அவள் படுப்பது என் தலை உயரத்தில், கீழே சிமெண்ட் தரை. எனக்கு இரண்டு நாள் சாப்பாடே இறங்கவில்லை.

"ஹெல்மெட்டாவது போட்டுக்கோம்மா."

"மேகத்துல ஹெல்மெட்டா டாடி?"

அன்று சனிக்கிழமை மத்தியானம், நல்ல மூட்டம். வெளிச்சம் ஒரே சீராக இருக்கிறது, இதுதான் நேரம் என்றாள். எஸ்தர் சபையில் உபவாச ஜெபத்துக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். செல்போன் ஸ்டாண்டில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கீழ் வீட்டு ஓனர், "சார், கேஸ் பந்து! பேக பன்னி!" என்று கன்னடத்தில் கத்தினார், கேஸ் வந்துவிட்டது, சீக்கிரம் வாங்க என்று. சிலிண்டர்காரன் முன்னால் அந்தக் கோலத்தில் போய் நிற்க முடியுமா? உறையைக் கழற்றிக் கைப்பிடிச் சுவரில் போட்டேன். "எழுந்து உக்காரு, நான் வர வரைக்கும் படுக்காதே" என்றேன். எழுந்து உட்கார்ந்தாள், பாட்டுக் கேட்க இயர்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

சிலிண்டரைச் சமையலறையில் உருட்டிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே தடால் என்று சத்தம். எப்படிப் படியேறினேன் என்று தெரியாது. கதவருகே நின்றேன். ஸ்டூல் காலொடிந்து ஒரு மூலையில் கிடந்தது. என் மகள் கண்ணை மூடியபடி, தலை உயரத்தில், மல்லாந்து படுத்திருந்தாள். அவளுக்குக் கீழே, மேஜையை ஒட்டி, என் பச்சை உறை நின்றிருந்தது, இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு.

நீங்கள் நம்ப வேண்டாம். ஆனால் அந்த மாடிக்கு ஒரே படிதான், அதில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த உறை அவளை மெல்ல மெல்ல இறக்கி, தூங்குகிற குழந்தையைப் பாயில் போடுவது போலத் தரையில் கிடத்தியது. அப்புறம் உள்ளே ஆளே இல்லாத துணியாகப் பொத்தென்று விழுந்தது.

ஷெரின் இயர்ஃபோனை எடுத்துவிட்டு எழுந்தாள். "அதுக்குள்ள கழட்டிட்டீங்களா டாடி? துப்பட்டா ஆடுச்சு, வந்துட்டீங்கன்னு படுத்துட்டேன்." ஒடிந்த ஸ்டூலைப் பார்த்ததும் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "செம்ம கேட்ச் டாடி! ஷாட் வந்திருக்கும் பாருங்க."

வந்திருந்தது. அப்படி ஒரு ஷாட்! ஸ்டூல் சரிந்து போகிறது, அவள் துளிகூட அசையவில்லை. பச்சையை அழித்து மேகத்தை வைத்தபோது என் பெண் நிஜமாகவே வானத்தில் படுத்திருந்தாள். நேர்காணலில் அதைத் திரும்பப் போடச் சொன்னார்களாம். கம்பி எங்கே கட்டினாய் என்று ஒருவர் கேட்டாராம். "கம்பியே இல்லை சார், எங்க டாடி பிடிச்சார்" என்றாளாம். சீட் கிடைத்துவிட்டது. அன்று ஃபிரேசர் டவுன் போய் பிரியாணி வாங்கி வந்தேன். மூட்டை கட்டச் சொன்ன எஸ்தர் இப்போது ஜெபம் முடிந்ததும் சபைப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் செல்போனை நீட்டுகிறாள். "எங்க ஷெரின் எடுத்தது, பாருங்க சிஸ்டர்." எனக்கு நெஞ்சு விம்முகிறது. அதை மறைக்கவில்லை.

கல்லூரி முதல் நாள் அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். பின்னால் உட்கார்ந்தவள், "கேக்கணும்னே இருந்தேன் டாடி" என்றாள். "அன்னைக்கு எதுக்குக் கை நிறைய வளையல் போட்டிருந்தீங்க? முதுகெல்லாம் குத்துச்சு. கண்ணாடி வளையல்."

"துணியில ஏதோ பின் இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் சபையில் யாரும் நகை போடுவதில்லை. எஸ்தர் கல்யாணத்தன்றுகூட வெறும் கையோடுதான் நின்றாள். எங்கள் வீட்டில் வளையல் என்று ஒன்று இருந்ததே இல்லை.