லண்டன் விலையும் சாலிஹின் மூட்டைகளும்

“லண்டன்ல இன்னைக்கு என்ன விலை?”

போன மார்ச் மாதம், எங்கள் ஆபீஸ் மாடிப்படியில் ஒரு மனிதர் என்னை நிறுத்திக் கேட்ட கேள்வி இது. பதில் என் சட்டைப் பையில் இருந்தது. டெலக்ஸில் வந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சொல்லலாமா, கூடாதா?

சொன்னேன். அதனால் என்ன ஆயிற்று என்பதைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். வழக்கமான சிரிப்பை எதிர்பார்க்கிறவர்கள் மன்னித்துக்கொள்ளுங்கள்.

துபாயில், தேராவில் ஒரு டிரேடிங் ஆபீசில் நான் வேலை பார்ப்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஏலக்காய், மிளகு, காப்பிக்கொட்டை. முதலாளி கீழக்கரைக்காரர், எல்லோருக்கும் அவர் ஹாஜியார். கடிதம், டெலக்ஸ், பேங்க் வேலை — இதெல்லாம் என் டூட்டி.

பிரேசிலில் பனி விழுந்து காப்பிச் செடிகள் கருகிப்போனதும், உலகம் முழுக்க விலை எகிறியதும் உங்களுக்கும் தெரியும். மெட்ராஸ் வாசகர்கள் சிலர் ஏதோ நான்தான் விலையை ஏற்றிவிட்ட மாதிரி கடிதம் எழுதித் திட்டுகிறார்கள்.

மாடிப்படியில் நின்றவர் பெயர் சாலிஹ். ஏமன் மலைக்காரர். நாற்பது வயசு இருக்கும். மலைச்சரிவில் படிப்படியாகக் கட்டிய கொஞ்சம் நிலம், அதில் காப்பி மரங்கள். விலை ஏறிய செய்தியை ரேடியோவில் கேட்டிருக்கிறார். ஆனால் ஊர் வியாபாரி, “ரோடு சரியில்லை, கழுதை வாடகை ஏறிப்போச்சு” என்று பழைய விலைக்கே கேட்டிருக்கிறார். இவருக்குப் பொறுக்கவில்லை. ஏழு குடும்பத்து மூட்டைகளை ஒன்றாகச் சேர்த்தார். மொத்தம் நாற்பது, அதில் எட்டுதான் அவருடையது. மரக்கலத்தில் ஏற்றிக்கொண்டு, கடல் வழியாக துபாய்க்கே வந்துவிட்டார்.

ஹாஜியார் கொட்டையைக் கையில் அள்ளிப் பார்த்தார். முகர்ந்தார். ஒன்றைக் கடித்தார். பிறகு ஒரு விலை சொன்னார் — ஊர் வியாபாரி கொடுப்பதைப் போல இரண்டு மடங்கு. லண்டன் விலையில் பாதிக்குச் சற்று மேல்.

சாலிஹ் முகம் மலர்ந்தது. ஆனாலும், “நாளைக்குச் சொல்றேன்” என்று எழுந்தார்.

ஹாஜியார் என்னிடம் தமிழில் மெதுவாகச் சொன்னார். “தம்பி, டெலக்ஸ் பேப்பரை மேசை மேல போடாதீங்க.”

அந்தப் பேப்பர்தான் என் பையில் இருந்தது. மூட்டை தூக்கித் தூக்கிக் காய்ப்புப் பிடித்த கையால் அந்த மனிதர் மாடிப்படியில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது... என்னால் மறைக்க முடியவில்லை. அரைகுறை அரபியில் சொல்லிவிட்டேன். அவர் இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு இறங்கிப் போனார்.

வீட்டில் வசந்தாவிடம் சொன்னதும் அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஏங்க, நாம இங்க வந்து எட்டு மாசம்தான் ஆகுது. பொண்ணை இப்பதான் ஸ்கூல்ல சேர்த்திருக்கோம். ஹாஜியார் விசாவைக் கேன்சல் பண்ணிட்டா?”



மறுநாள் சாலிஹ் வந்தார். லண்டன் விலையில் கப்பல் கூலியை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள் என்றார். ஹாஜியார் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“மாஃபி,” என்றார் சாலிஹிடம். முடியாது.

சாலிஹ் போன பிறகு கேட்டார். “நீங்கதான் சொன்னீங்களா?”

“ஆமா, ஹாஜியார்.”

“உங்களை நான் இன்னைக்கே ஊருக்கு அனுப்பலாம். அனுப்ப மாட்டேன். ஆனா ஒண்ணு கேக்கிறேன் தம்பி. விலையைச் சொல்லிட்டீங்க. அந்த விலைக்கு அவர்கிட்ட வாங்கற ஆளு எங்க? ஒருத்தரைப் பிடிச்சுக் குடுங்க, பார்ப்போம்.”

எனக்குச் சுருக்கென்றது. பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். அவர் அனுமதியோடேயே லண்டனுக்கு ஒரு டெலக்ஸ் அடித்தேன். ஏமன் காப்பி, நாற்பது மூட்டை, நேரடியாக விவசாயியிடமிருந்து.

மூன்றாம் நாள் பதில் வந்தது. சரக்கு மிகவும் குறைவு. தரம் பிரிக்கவில்லை. வருந்துகிறோம்.

இதைச் சாலிஹிடம் சொன்னேன். அவர் கலங்கவில்லை. ஏனென்றால் அந்த வாரம் லண்டனில் விலை இன்னும் ஏறியிருந்தது. இங்கேயே எவனாவது வாங்குவான் என்று க்ரீக் என்கிற உப்பங்கழி ஓரமாக ஒரு தகரக் கொட்டகையில் ஒரு மூலையை வாடகைக்குப் பிடித்தார். மூட்டைகளை அடுக்கினார். அவற்றின் மேலேயே படுத்துக்கொண்டார்.

நானும் வசந்தாவிடம் கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு, ஒரு திங்கட்கிழமை, விலை இறங்கியது.

பெரிய இறக்கம் இல்லை. இரண்டு நாளில் ஏறிவிடும் என்று நினைத்தேன். அவரிடமும் அப்படித்தான் சொன்னேன். யாரைக் கேட்டுச் சொன்னேன்? எனக்கென்ன தெரியும்? டெலக்ஸ் படிக்கத் தெரிந்தால் சந்தை தெரிந்துவிடுமா?

தினமும் காலையில் சாலிஹ் மாடியேறி வருவார். ஒன்றும் கேட்க மாட்டார். என் முகத்தைப் பார்ப்பார். அதிலேயே தெரிந்துவிடும். போய்விடுவார்.

மே வந்தது. ஜூன் வந்தது. தேராவின் ஜூன் மாதப் புழுக்கம் வந்து பார்த்தவர்களுக்குத்தான் புரியும், சுவரே வியர்க்கும். காப்பிக்கொட்டை ஈரத்தை அப்படியே குடிக்கும். அவர் தனி ஆளாக மூட்டைகளைப் பிரித்து, தரையில் கொட்டிக் காயவைத்து, மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். நான்கு மூட்டையில் பூசணம் பூத்துவிட்டது.

மற்ற கடைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். பூசணத்தைப் பார்த்தார்கள். அன்றைய லண்டன் விலை அவர்களுக்கும் தெரியும். உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள்.

ஜூலை முதல் வாரம், விலை ஒரே நாளில் பலமாக விழுந்தது. சாலிஹ் வந்தார். என் முன்னால் இருந்த நாற்காலியில் முதல் தடவையாக உட்கார்ந்தார்.

“நீ சொல்லு, சதீக்,” என்றார். நண்பா என்று அர்த்தம். “வைக்கட்டுமா, விற்கட்டுமா? நீ சொல்றதைச் செய்றேன்.”

ஏழு குடும்பம். என் வாயிலிருந்து வரப்போகிற ஒரு வார்த்தை.

“வித்துடுங்க,” என்றேன்.

ஹாஜியாரின் அறைக்குள் போய்க் கெஞ்சினேன். முதல் நாள் சொன்ன விலையைக் கொடுங்கள், குறைகிறதை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

“உங்க சம்பளத்தை நாலு வருஷம் பிடிச்சாலும் பத்தாது தம்பி,” என்றார். “அந்த விலைக்கு இன்னைக்கு வாங்கினா நான் கடையை மூடணும்.”

அன்றைய விலைக்குத்தான் வாங்கினார். முதல் நாள் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஆனால், பூசணம் பிடித்த நான்கு மூட்டையையும் நல்ல மூட்டையோடு சேர்த்தே எடை போடச் சொன்னார்.

கதை இங்கே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

போன வாரம் ஆபீஸ் வேலையாக ஜெபல் அலி போயிருந்தேன். பாலைவனத்தைத் தோண்டிப் பெரிய துறைமுகம் கட்டுகிறார்கள். சைட் கேட்டில் வாட்ச்மேன் உடையில் சாலிஹ் நின்றுகொண்டிருந்தார். அவர் ஊருக்குப் போயிருப்பார் என்று நான் நினைத்திருந்தேன்.

ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

“காத்திருக்கலாம்னு முடிவு பண்ணினது நான். அவங்க யாரையும் நான் கேக்கலை,” என்றார். அதனால் மற்ற ஆறு குடும்பத்துக்கும் ஹாஜியார் முதல் நாள் சொன்ன விலையையே கொடுத்துவிடுவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். தன் எட்டு மூட்டைப் பணம் முழுவதும் அதில் போட்டும் போதவில்லை. மீதியைச் சம்பளத்திலிருந்து மாதாமாதம் அனுப்புகிறார்.

“மரங்களை யார் பார்த்துக்கறாங்க?”

“என் வீட்டுக்காரிதான். மேல் படிகளுக்குத் தண்ணி சுமக்க அவளால முடியலை. அதையெல்லாம் விட்டுடச் சொல்லிட்டேன்.”

சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் வேறெங்காவது பார்க்கவேண்டியிருந்தது. காப்பி விலை என்றுமில்லாத உச்சிக்குப் போன வருஷத்தில், அதை விளைவிக்கிற ஒருவர் தன் காப்பி மரங்களைக் காயவிட்டுவிட்டு சிமென்ட் மூட்டைகளுக்குக் காவல் நிற்கிறார்.

“என் மேல கோபமா, சாலிஹ் பாய்?”

உபசாரத்துக்காக “இல்லை” என்று சொல்லிவிடுகிற ஆள் இல்லை அவர்.

“ஜூன்ல இருந்துச்சு,” என்றார். “இப்ப இல்ல. நீ பொய் சொல்லலை. நான் விலையைக் கேட்டேன், நீ சொன்னே. வாங்கறவன் யாருன்னு நான் கேக்கலை. உனக்கும் தெரியலை.”

அதற்குள் ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. கேட்டைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்து, எனக்கு ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தார். டீ. ஏமன்காரர் கையால் டீயா என்று கேட்டேன்.

கேம்ப் கேன்டீனில் காப்பி நிறுத்தி மூன்று மாதம் ஆகிறதாம் — லண்டனில் இறங்கிய விலை இங்கே கடைகளில் இன்னும் இறங்கவில்லையாம், கட்டுப்படியாகவில்லையாம்.