பாட்டை எடுத்த பிறகு கேட்டது

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளி கழிந்து மழை விடாமல் பிடித்துக்கொண்ட நாட்களில் நடந்தது இது. இலங்கை மலையகத்தில், லுணுகலை பஜாரில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருக்கிறது. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் சடங்கு, கல்யாணம், திருவிழா, சாவு என்று எது நடந்தாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் நான்.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. வெறும் சத்தத்தைச் சும்மா விட மாட்டேன். மழை இரைந்தால் அதற்கு ஒரு புல்லாங்குழல், மணப்பெண் தலை குனிந்தால் அதற்கு ஒரு வயலின். எதைப் படம்பிடித்தாலும் அங்கே கேட்ட சத்தத்தை அடியோடு குறைத்து, மேலே ஒரு சினிமாப் பாட்டைப் போர்த்தினால்தான் வேலை முடிந்த மாதிரி இருக்கும். சனங்களும் அதைத்தான் கேட்பார்கள். "பாட்டு இல்லாட்டி என்னாண்ணே வீடியோ, திருடனப் பிடிக்க வச்ச கேமரா மாதிரி இருக்கும்" என்றார் ஒரு மாப்பிள்ளை.

முடித்ததை, உலகமே பார்க்கிற அந்தப் பெரிய வீடியோ தளத்தில் என் சானலில் ஏற்றி, லிங்கை வீட்டாருக்கு அனுப்புவேன். பிறகு மெமரி கார்டை அழித்துவிடுவேன். அவ்வளவு பெரிய அலமாரி அங்கே இருக்கையில் இங்கே எதற்கு மூட்டை என்ற நினைப்பு. ஒரு சடங்கு வீடியோவுக்கும் ஒரு தேர்த் திருவிழாவுக்கும் ஆங்கிலத்தில் ஏதோ எச்சரிக்கை வந்தது. இரண்டையும் வாசிக்காமலே மூடினேன்.

அந்த ஐப்பசியில் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெரியவர் இறந்தார். ஒரே மகள் வெளிநாட்டில் வீட்டு வேலையில் இருந்தாள். அந்த வீட்டார் வர விடவில்லை. அவளுக்காகவே சாவு வீட்டிலிருந்து குழிமேடு வரை ஒன்றும் விடாமல் படம்பிடித்தேன். வழக்கம்போல் சோகப் பாட்டுகளைப் போர்த்தி, ஏற்றி, லிங்கை அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து என் சானலே காணாமல் போனது. பாட்டுக்கு உரிமையுள்ள கம்பெனி புகார் கொடுத்திருந்தது. மூன்றாவது புகார் அது; மூன்று சேர்ந்தால் சானலையே மூடிவிடுவார்களாம். பல வருட வீடியோக்கள் ஒரே நொடியில் போய்விட்டன. அந்த வெள்ளிக்கிழமையே அவளுடைய குரல் பதிவு வந்தது.

"அண்ணே, லிங்க் தொறக்க மாட்டேங்குதே. நான் பாதிதான் பாத்திருக்கேன்."

ஒரு மாதமாகவா என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமதான் போன் கையில தருவாங்க. கொஞ்சம் கொஞ்சமாத்தான் பாத்தேன். முடிஞ்சா அப்பா போயிருவாருல்ல."

அடுத்த பதிவும் பின்னாலேயே வந்தது. "எங்க அத்த என் பேர சொல்லி வாய்க்கரிசி போட்டுச்சாம். அந்த எடம் வரல இன்னும். அத மட்டுமாவது பாக்கணும்ணே."

வர முடியாத பிள்ளையின் பங்கை, முகத்தை மூடுவதற்கு முன், உறவில் ஒருவர் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் கேட்டது அந்த ஒரு பிடி அரிசியை.

சின்னக் கோளாறுதான், சரி பண்ணிடலாம் என்று பொய் சொன்னேன். அந்தத் தளத்துக்கு, ஐயா, இது ஒரு சாவு, அவள் மகள் என்று எழுதினேன். முடியாது என்று ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. இன்னும் விரிவாக எழுதினேன். அதே பதில் வந்தது, ஓர் எழுத்து மாறாமல். பதில் எழுதுவது ஆளில்லை, எந்திரம், சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது மூன்றாவது பதிலில்தான் உறைத்தது.

பதுளையில் ஒரு முஸ்லிம் பெண் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறார், அழிந்ததை மீட்டுத் தருவார் என்று யாரோ சொன்னார்கள். அந்தக் கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பசறை வளைவுகளில் ஒரு கை கம்பியிலும் ஒரு கை நெஞ்சிலுமாகவே நின்று போனேன்.

அவர் கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அழிச்ச பொறகு இதுல எதாவது எடுத்தீங்களா?"

"ஒரு பொறந்தநாள். கேக் வெட்டுற வரைக்கும்."

"அந்தக் கேக்க எதுக்கு மேல வெட்டுனாங்களோ, பாப்போம்" என்றார், சிரிக்காமல்.

மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டார். யாரோ முகம் தெரியாதவர்கள் எழுதி, எல்லாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்த ஒரு மென்பொருளை வைத்துத் துண்டு துண்டாய் மீட்டிருந்தார். ஊர்வலம் இருந்தது. குழிமேடு இருந்தது. வாய்க்கரிசி இடம் வந்ததும் படம் பச்சைச் சதுரங்களாய்ச் சிதறியது. அத்தையின் கை, பெரியவரின் முகம், எதுவும் தெரியவில்லை. பிறந்தநாள் அதன்மேல்தான் விழுந்திருந்தது.

ஆனால் சத்தம் இருந்தது. நான் எதையும் போர்த்துவதற்கு முந்தைய சத்தம். தகரத்தில் மழை. தூரத்தில் தப்பு மேளம். யாரோ இருமுகிறார்கள். "கொடய இந்தப் பக்கம் புடிங்கப்பா, அவரு நனையிறாரு" என்று ஒரு குரல். பிறகு அத்தை, அழாமல், பெண்ணின் பெயரை முழுதாகச் சொல்லி: "இந்தாண்ணே, ஒம் மக போடுறா. வாங்கிக்க."

அந்த இடத்தில் நின்று படம்பிடித்தவன் நான். அதை முதல்முறையாகக் கேட்டதும் அன்றைக்குத்தான். நான் ஏற்றியிருந்த வீடியோவில் அந்தக் குரலுக்கு மேல் ஒரு பாடகர் உருகிக்கொண்டிருந்தார்.

இன்னொரு தடவை போடச் சொன்னேன். அவர் நிறுத்திவிட்டார். "வேணாம் அண்ணன். இனி அது அந்தப் புள்ள கேக்க வேண்டியது."

இதை எங்கே ஏற்றுவது என்று கேட்டேன். அவரும் சில நண்பர்களும் மாணவர்களின் பாடங்களுக்காக ஒரு வீடியோ தளம் நடத்துகிறார்களாம். அதன் மென்பொருளும் எல்லாருக்கும் பொதுவானது. யாரும் எடுத்துத் தங்கள் சொந்தத் தளத்தை நடத்தலாம். விளம்பரம் கிடையாது. கடவுச்சொல் போட்டு வீட்டார் மட்டும் பார்க்கிற மாதிரி வைக்கலாம். "கூட்டமெல்லாம் வராது. ஆனா ஒரு கேள்வி கேட்டா ஆளே பதில் சொல்லுவோம்" என்றார்.

பட்டும் புத்தி வரவில்லை எனக்கு. அப்படியானால் இங்கே அந்தப் பாட்டையும் சேர்க்கலாமா என்று கேட்டேன்.

"சேருங்க. நானே எடுத்துருவேன்" என்றார். "பாட்டு அந்தக் கம்பெனிக்காரங்கட. கேக்காம எடுத்தது நீங்க. சாவு இந்தப் புள்ளட. இதுக்கு நடுவுல ஒங்களுக்கு என்ன வேல?"

கார்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன். நான் கிளம்பும்போது ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்: இனி எதையும் ஒரே இடத்தில் வைக்கக்கூடாது, வீட்டிலும் ஒரு பிரதி இருக்க வேண்டும்.

மீட்டதை அவர்கள் தளத்தில் பாட்டில்லாமல் ஏற்றி, லிங்கை அவளுக்கு அனுப்பினேன். அடுத்த வெள்ளிக்கிழமை பதில் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. பிறகொரு வெள்ளியில், பின்னணியில் பாத்திரம் கழுவும் சத்தத்தோடு, அவள் குரல் மெதுவாக வந்தது.

"படம் கட்டம் கட்டமா ஒடயுது அண்ணே. பரவால்ல. அத்த என் பேர சொன்னது கேட்டுச்சு. அன்னிக்கு நல்ல மழயா இருந்திருக்கு, இல்ல? முழுசா பாத்து முடிச்சிட்டேன். அப்பாவ அனுப்பிட்டேன்."

பதுளைக்குப் போகும்போதெல்லாம் அந்த வகுப்பின் வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வருகிறேன். உள்ளே பாடம் நடந்தால் தொந்தரவு செய்வதில்லை. என் வீடியோவைத் தூக்கி எறிந்த அந்த எந்திரத்தின் மேலும் இப்போது கோபமில்லை. அது எறிந்திருக்காவிட்டால் அந்தப் பெண் யாரோ ஒரு பாடகரின் குரலோடுதான் தன் அப்பாவை அனுப்பியிருப்பாள். இப்போதும் கல்யாணங்களுக்குப் பாட்டுச் சேர்க்கிறேன், அனுமதியுள்ள பாட்டாகப் பார்த்து. ஆனால் அதற்கு முன் எடுத்ததை எடுத்தபடியே ஒருமுறை முழுதாகக் கேட்கிறேன், யார் யாருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் அதன்மேல் எதையும் போர்த்துகிற உரிமை எனக்கு இல்லை என்பதால்.