நிறம் ஏறாத ரொட்டி

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் ரொட்டிக்கார அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்களே தலையைச் சொறிவார்கள். ரொட்டி என்றால் கடையில் பிளாஸ்டிக் உறைக்குள் பஞ்சு மாதிரிக் கிடக்கிறதே, அது இல்லை. பீர் ஊற்றிப் பிசைந்து, ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்து, வீட்டு ஓவனில் சுட்டெடுக்கிற ரொட்டி. மேல்தோல் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கும். உள்ளே மெத்தென்று இருக்கும். விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் லேசாக ஒரு கசப்பு நிற்கும். அந்தக் கசப்புக்காகத்தான் ஜனங்கள் முதல்நாளே சொல்லிவைத்து வாங்கினார்கள்.

இந்த ரொட்டி பிறந்த கதையை அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிட்ட மனிதர் தான் மட்டும் கீழே இறங்கிக்கொண்டே போனார் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். அவ்வளவு குடி. ஆனால் எந்தப் பாட்டிலையும் முழுசாகக் குடித்து முடிக்கிற வழக்கம் கிடையாது. அடியில் கொஞ்சம் வைத்துவிட்டு அப்படியே சாய்ந்துவிடுவார். ஒருநாள் காலையில் மாவு இருந்தது, ஈஸ்ட் இருந்தது, பால் இல்லை. வாங்கிவர வழியும் இல்லை. இருந்த எரிச்சலில் அந்த மிச்சத்தையெல்லாம் ஒன்றாக வடித்து மாவில் கொட்டிப் பிசைந்தாள். வீட்டில் அதுவரை யாரும் தின்றிராத ருசியில் ஒரு ரொட்டி வந்தது. விற்க ஆரம்பித்த பிறகு வாய் வைக்காத பாட்டிலாகப் பார்த்து ஒன்றை முன்கூட்டியே எடுத்து ஒளித்துவைப்பாள். போதையில் அவருக்குக் கணக்கு தெரியாது.

"குடிச்சது அவரு, குடும்பத்தைக் காப்பாத்தினது அவரு வெச்ச மிச்சம்" என்று சொல்லி முடிப்பாள். கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். சிரிக்கிற கதையா அது என்று ஒருவரும் யோசித்ததில்லை.

அப்புறம் ஒருநாள் அவர் ரத்தமாக வாந்தி எடுத்தார். குடல் வரைக்கும் கருவி விட்டுப் பார்த்த பெரிய டாக்டர், உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் வெடிக்கத் தயாராக இருக்கின்றன என்றார். "இனிமே ஒரு சொட்டு உள்ள போனாலும் நான் பொறுப்பில்லைம்மா" என்று கையைக் கழுவிக்கொண்டார். கணவர் குடியை விட்டார். இந்த மாதிரி ஆட்கள் வாரத்துக்கொரு தடவை விடுகிற மாதிரி இல்லை, நிஜமாகவே விட்டார். உதறல் எடுத்தது, வியர்த்துக் கொட்டியது, சுவரில் எறும்பு ஊர்கிறது என்று பிதற்றினார். எல்லாவற்றையும் தாண்டி எழுந்து உட்கார்ந்தபோது கை நடுக்கம் மட்டும் தங்கிவிட்டது. நடுங்குகிற கையோடு லிஃப்ட் குழிக்குள் யாரை இறக்குவார்கள்? கம்பெனியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வருமானம் என்றால் ரொட்டிதான் என்று ஆயிற்று.

ரொட்டிக்குப் பீர் வேண்டுமே. அதுவரை சாராயக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள், பையை எடுத்துக்கொண்டு ஆம்பளைகள் வரிசையில் போய் நின்றாள். ஆரம்பத்தில் ஒரு மாதிரி பார்த்தார்கள். புருஷன் விட்டான், பெண்டாட்டி பிடித்துக்கொண்டாள் என்றுகூட ஒருவன் சொன்னான். அவள் திரும்பி அவன் முகத்துக்கு நேராக, "வீட்டுக்கு வா, ரொட்டி தர்றேன், தின்னுட்டுப் பேசு" என்றாள். அதோடு அவன் வாய் மூடிவிட்டது. கடைக்காரரோ அவள் தலையைக் கண்டாலே பாட்டிலை எடுத்து வைத்துவிடுவார்.

பீரை அப்படியே மாவில் ஊற்ற முடியாது. முதல்நாள் சாயங்காலமே திறந்து, வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி, துணி மூடி வைக்கவேண்டும். காஸ் எல்லாம் அடங்கி, பீர் செத்த பிறகு, விடியற்காலையில் விரல் பொறுக்கிற சூட்டுக்குச் சுடவைத்து, ஈஸ்டும் சர்க்கரையும் போட்டு, மாவைக் கொட்டிப் பிசையவேண்டும். முதல் ஈடை அவளே முடித்து எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கொடுக்கப் போவாள். இரண்டாவது ஈடு முனையிலிருக்கிற ஓட்டலுக்கு. அதைப் பிசைகிற வேலையை அவரிடம் ஒப்படைத்தாள். மாவுக்குள் கை போனால் நடுக்கம் நின்றுவிடுகிறது என்பதை அவள்தான் முதலில் கவனித்தாள். பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனாள்.

பூரிப்பை உள்ளேயே வைத்துக்கொள்ளத் தெரிந்தவளாக இருந்திருந்தால் பரவாயில்லை. அவளுக்கு அது தெரியாது. பாவம், அத்தனை வருஷம் தலைகுனிந்தே தெருவில் நடந்தவள். இப்போது ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னாள்: "பீரைத் திறந்து அவரு மூக்குக்கு நேரா வெச்சுட்டுத்தான் வர்றேன். வீட்ல வேற யாரும் கிடையாது. திரும்பிக்கூடப் பாக்கமாட்டாரு. எங்க வீட்டுக்காரரு இரும்பு!"

கேட்டவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். ஒரு அம்மாள், குடித்துக் குடித்துக் கண் மஞ்சளித்த தன் மகனை இழுத்துக்கொண்டு சமையலறை வரைக்கும் வந்துவிட்டாள். "இவரைப் பாருடா! பீர்ல கையை வெச்சுக்கிட்டு எப்படி நிக்கறாரு பாரு! உனக்கென்னடா கேடு?" மகன் பார்க்கவில்லை. இவரும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரொட்டிக்கார அக்கா மட்டும் வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது அவர் கேட்டார். "ஏம்மா, பாலை ஊத்திப் பண்ணினா வராதா?"

"வரும். எல்லாக் கடையிலயும் வர்ற மாதிரி வரும். அதை நம்மகிட்ட எவன் வாங்குவான்?" என்றவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏன், உங்களுக்கு ஏதாவது..."

"சேச்சே. சும்மா கேட்டேன்."

மாவைத் தொட்டால் பதம் சொல்லிவிடுகிற கை அவளுடையது. அந்தச் 'சும்மா'வை அவள் தொட்டுப் பார்க்கவில்லை.

சில நாள் கழித்து ஓட்டல்காரர் அவளை நிறுத்தினார். "என்னக்கா, பீர் கம்பெனியை இழுத்து மூடிட்டாங்களா? ரெண்டு நாளா ரொட்டி பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்கு." வைத்திருந்த ஒன்றை எடுத்துக் காட்டினார். நன்றாகத்தான் உப்பியிருந்தது. ஆனால் மேல்தோல் நிறம் ஏறாமல், காய்ச்சல்காரன் முகம் மாதிரி வெளுத்துக் கிடந்தது. பிய்த்து வாயில் போட்டாள். கசப்பு இல்லை. பீரின் சுவடே இல்லை. 

ஓவன் சூடு குறைந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மறுநாளும் முதல் ஈடு, அவள் பிசைந்தது, கருகருவென்று வந்தது. இரண்டாவது ஈடு வெளுத்து வந்தது. பீர் வைத்த பாத்திரம் பளிச்சென்று கழுவிக் கவிழ்த்திருந்தது. அவர் பக்கத்தில் போனாள். கிராம்பு வாசனை. ஆணியில் தொங்கிய அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு பொட்டலம் கிராம்பு. குடிகாரன் கிராம்பு கடித்தால் எதற்கென்று அவளுக்குத் தெரியாதா? அதிலேயே ஆயுசில் பாதியைக் கழித்தவள்.

"ரெண்டாவது ஈடு ஏன் வெளுத்துப்போச்சு?"

அவர் விரலிடுக்கில் காய்ந்த மாவை உரித்துக்கொண்டிருந்தார். "பீர் ஊத்தல. தண்ணிதான் ஊத்தினேன்."

"அப்ப பீர் எங்க?"

"கொட்டிட்டேன்."

"எங்க கொட்டினீங்க?"

"பின்னாடி, துணி துவைக்கிற இடத்துல."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு அவளையும் மீறி வந்தது. "யார் காதுல பூ சுத்தறீங்க? நீங்க பீரைக் கொட்டினீங்க. நீங்க!"

"சத்தியமாம்மா. வேணும்னா வாயை மோந்து பாரு."

"மோந்தாச்சு. கிராம்புதான் அடிக்குது. இந்த வித்தையெல்லாம் என்கிட்டயா?"

"அந்த வாசனையைத் தாங்க முடியாமத்தான் கிராம்பைக் கடிக்கறேன். அந்தப் பையனைக் கூட்டிட்டு வந்தாங்களே, அதுக்கப்புறம் என்னால முடியல. நீ வெளிய போனதும் அந்தப் பாத்திரமும் நானும் மட்டும்தான். முதல்ல கொட்டிடுவேன், அப்புறம்தான் மாவைத் தொடுவேன். உங்கிட்ட சொல்லியிருக்கணும். நீ தெருவெல்லாம் என்னை இரும்பு இரும்புன்னு சொல்லிட்டு வர்ற. எந்த வாயால சொல்றது?"

எதிரில் நிற்பவர் பொய் சொல்கிறாரா என்று பார்க்கிற நிதானம் அவளுக்கு அப்போது இல்லை. வாசல் வாசலாகப் பேசிய பேச்செல்லாம் திரும்பிவந்து அவள் கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தது. "குடிச்சுட்டேன்னு சொல்லியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். பச்சையாப் பொய் சொல்றீங்களே! நீங்க சொல்லாட்டி என்ன, ரொட்டி சொல்லுது."

"நான் குடிக்கல."

"குடிச்சீங்க."

"இத்தனை நாள் நான் இருந்த இருப்பு உனக்கு..." என்று ஆரம்பித்தவர் திரும்பிக்கொண்டார். கையைக் கழுவினார். ஆணியில் தொங்கிய சட்டையை மாட்டிக்கொண்டார். பொத்தான் துளைக்குள் போகாமல் விரல் தடுமாறியது. எப்போதும் அவள்தான் போட்டுவிடுவாள். அன்றைக்குப் போடவில்லை.

"போங்க. போய் மிச்சத்தையும் குடிச்சுட்டு வாங்க" என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

மத்தியானம் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. அவர்தான் என்று நினைத்து மெதுவாக எழுந்துபோய்த் திறந்தாள். கீழ்வீட்டில் தையல் வேலை செய்கிற பெண், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மூணு நாளா உங்க வீட்டுத் தண்ணி இறங்கற குழாய்ல ஒரே பீர் நாத்தம். என் மெஷினுக்குப் பக்கத்துலதான் அது வெளிய வருது. ஈ மொய்க்குது, துணி குடுக்க வர்றவங்க மூஞ்சியைச் சுளிக்கிறாங்க. ரொட்டிக்குன்னு வாங்கறதை ஏன் தினம் காலையில இப்படிக் கொட்றீங்க? நேத்து அண்ணன்தான் கொட்டிட்டு நின்னாரு, பின்பக்கத்துல. ஒரு கையால மூக்கை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு. கூப்பிட்டேன், காதுலயே விழல அவருக்கு."

ரொட்டிக்கார அக்கா அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு படியில் இறங்கினாள். செருப்புப் போடவில்லை. கதவைச் சாத்தவில்லை.

கடைக்காரர் அவளைப் பார்த்ததும் வழக்கம்போலப் பாட்டிலை எடுத்து வைத்தார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார். "அண்ணன் காலையிலயே வந்தாரேம்மா. ரொட்டிக்குன்னு கேட்டாரு. நீங்க அனுப்பிச்சீங்கன்னுதான் குடுத்தேன். அப்புறம் நாளைக்கும் சேர்த்துன்னு இன்னொரு தடவை வந்தாரு. இப்பக்கூட..." அவர் கை கடைக்குப் பின்பக்கம் காட்டியது.

காலிப் பெட்டிகளை அடுக்கியிருந்த இடத்தில் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பாட்டில்கள். ஒன்றில்கூட அடியில் மிச்சம் இல்லை. அவளைப் பார்த்ததும் முகத்தை நிமிர்த்தி, குழந்தை மாதிரி வாயைத் திறந்தார்.

"இப்ப மோந்து பாரு" என்றார்.

அவள் அப்படியே பக்கத்தில் விழுந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். "கொட்டினீங்கன்னு தெரிஞ்சுபோச்சுங்க. கீழ்வீட்டுப் பொண்ணு சொல்லிட்டா. எந்திரிங்க, வீட்டுக்குப் போலாம்."

"அவ சொன்னாளா" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. எழுந்திருக்க ஒரு கையை ஊன்றினார். அப்போதுதான் முதல் வாந்தி வந்தது. அவள் சேலையெல்லாம் ரத்தம்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு இருந்தவர் சின்ன வயசு டாக்டர். நர்ஸ் ரத்தப் பாட்டிலை மாட்டிக்கொண்டிருந்தாள். படுத்திருந்தவர் விரலிடுக்கில், கழுவியும் போகாத மாவு இன்னும் ஒட்டியிருந்தது.

"எத்தனை நாளாக் குடிக்கிறாரு?" என்று டாக்டர் கேட்டார்.

"குடிக்கறதில்ல டாக்டர். விட்டு ஒரு வருஷம் ஆகப்போகுது. இன்னைக்கு மட்டும்தான்."

டாக்டர் நிமிரவில்லை. "எல்லாரும் இப்படித்தாம்மா சொல்வாங்க. உள்ளதைச் சொன்னாத்தான் வைத்தியம் பண்ண முடியும். நேத்து எவ்வளவு குடிச்சாரு?"

"நேத்து கொட்டிட்டாரு டாக்டர். முந்தாநாளும் கொட்டிட்டாரு. பாத்திரத்துல இருந்ததை அப்படியே சாக்கடையில கொட்டிட்டாரு."

நர்ஸின் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்துபோனது. பொல்லாத சிரிப்பு இல்லை. தினம் பத்துப் பேரிடம் இதையே கேட்டு அலுத்த சிரிப்பு. அந்தச் சிரிப்பை எங்கே பார்த்தோம் என்று ரொட்டிக்கார அக்காவுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. காலையில் அது அவள் முகத்திலேயே இருந்தது.

"சத்தியமா டாக்டர்! ரொட்டி வெளுத்துப்போச்சு. பீர் ஊத்தாமப் பிசைஞ்சா நிறம் ஏறாது. வேணும்னா கொண்டுவந்து காட்றேன். கீழ்வீட்டுப் பொண்ணைக் கேளுங்க. அவரு குடிக்கல டாக்டர்."

டாக்டர் அவள் தோளைத் தட்டி, வெளியே உட்காரச் சொன்னார். உள்ளே திரும்பும்போது நர்ஸிடம், "தொடர்ந்து குடிக்கிறவருன்னே எழுதிக்கங்க" என்று தணிந்த குரலில் சொன்னது அவளுக்குக் கேட்டது.

பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. துக்கம் கேட்க ரொட்டி வாங்குகிறவர்கள் எல்லோரும் வந்தார்கள். ஓட்டல்காரர் வந்தார். மஞ்சள் கண் மகனைக் கூட்டிக்கொண்டு அந்த அம்மாளும் வந்தாள். ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு அவள் ஒன்றையே சொன்னாள்: "அன்னைக்கு ஒருநாள்தான் குடிச்சாரு. அதுவும் நான் சொல்லித்தான் குடிச்சாரு."

"ஆமாம், ஆமாம்" என்று அவர்கள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். கட்டின புருஷனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள், பாவம் என்று படியில் இறங்கும்போது பேசிக்கொண்டார்கள்.